மாத்தளை மிளகும் எங்கள் மலை மிளகும்

கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கிறது. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறோம். காபி கையைக் கடித்த வருஷங்களில் வீட்டைத் தாங்கியது அந்த மிளகுதான்.

2018 மார்ச்சில் காய்ந்த மிளகை மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். வியாபாரி வழக்கம்போல லிட்டர் படியில் அள்ளி, விளிம்பை வழித்துவிட்டுத் தராசில் வைத்தார். 550 கிராமுக்கு மேல் நின்றது. நல்ல சரக்கு என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டு, கிலோவுக்கு 400 ரூபாய்க்கும் கீழே ஒரு விலை சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மிளகு 700-ஐத் தொட்டது. என்னண்ணே இப்படி என்று கேட்டேன். “ஸ்ரீலங்கா சரக்கு கொச்சியில வந்து குவிஞ்சு கெடக்கு தம்பி, நான் என்ன பண்ணட்டும்?”

அன்றைக்கு இலங்கைக்காரர்கள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. ஒற்றை மூங்கில் ஏணியில் இருபது அடி ஏறி, சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததா என்று பார்த்துப் பார்த்துப் பறித்து, உதிர்த்து, வெந்நீரில் முக்கியெடுத்து, நாலைந்து நாள் வெயிலில் போட்டு, மழை வந்தால் ராத்திரியில் எழுந்து ஓடி மூடி வைக்கிற வேலை இது. மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஒரு கிலோ கூடச் சரியாகத் தேறாது. அவ்வளவையும் செய்துவிட்டு, கடல் தாண்டி வந்த சரக்கு நம் விலையை உடைக்கிறது என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

ஆனால் அந்தக் கோபம் தப்பான ஆள் மேல் போனது என்று பிறகு தெரிந்தது. இந்தியாவும் இலங்கையும் எட்கா என்ற புது வர்த்தக ஒப்பந்தத்துக்காக 2016 முதல் பேசுவதும் நிறுத்துவதுமாக இருக்கின்றன. 2023-ல் மறுபடி தொடங்கினார்கள். அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் நம் பக்கம் இலங்கை மிளகைத் திட்டுகிறோம், அவர்கள் பக்கம் இந்திய வெங்காயத்தைத் திட்டுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தியா-இலங்கை சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது 1998 டிசம்பரில். 2000 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இலங்கை மிளகு வருஷத்துக்கு 2500 டன் வரை வரியே இல்லாமல் இந்தியாவுக்குள் வரலாம். அதற்கு மேல் வந்தால், 2006-ல் அமலான தெற்காசிய ஒப்பந்தமான சாஃப்டாவின் கீழ் 8 சதவீதம் கட்டினால் போதும். சரி, வியட்நாம் மிளகுக்கு? ஆசியான் நாடுகளோடு 2009-ல் கையெழுத்திட்டு 2010-ல் அமலான ஒப்பந்தத்தில் மிளகைத் தனிப் பட்டியலில் வைத்தார்கள். அதற்கான வரி பத்து வருஷத்தில் படிப்படியாகக் குறைந்து 50 சதவீதத்தில் நின்றது. எந்த ஒப்பந்தத்திலும் சேராத நாட்டுச் சரக்கு என்றால் 70 சதவீதம்.

இப்போது ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். உலகத்திலேயே அதிகமாக மிளகு விளைவது வியட்நாமில். அங்கிருந்து கிலோ 300 ரூபாய்க்கு வருகிறது என்று வையுங்கள். நேராகக் கொச்சிக்கு வந்தால் வரி மட்டும் 150 ரூபாய். அதே மூட்டை கொழும்பில் இறங்கி, இலங்கையில் விளைந்தது என்ற சான்றிதழோடு வந்தால் வரி 24 ரூபாய். கிலோவுக்கு 126 ரூபாய் மிச்சம். ஒரு கன்டெய்னருக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். கேரளத்திலும் கர்நாடகத்திலும் மிளகு விவசாயிகள் சங்கங்கள் வருஷக்கணக்கில் கத்தியது இதைத்தான். வருகிற சரக்கு இலங்கையுடையது அல்ல, இலங்கை வழியாக வருகிறது என்றார்கள். 2019 டிசம்பரில் இலங்கை அரசே மிளகு, பாக்கு போன்றவற்றை வெளியிலிருந்து இறக்கி மறுஏற்றுமதி செய்வதற்குத் தடை போட்டது. புகாரில் விஷயம் இல்லாமலா தடை வரும்?

அண்டை நாடுகளுக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் இருக்கிற அடிப்படைச் சிக்கல் இது. இரண்டு வீட்டுக்கு நடுவே இருக்கிற சுவரை எடுத்துவிட்டோம். ஆனால் தெருவைப் பார்த்த வாசலில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் அவரவர் இஷ்டப்படி பூட்டுப் போடுகிறார்கள். எந்தப் பூட்டு லேசானதோ அந்த வாசல் வழியாக மூன்றாவது ஆள் இரண்டு வீட்டுக்குள்ளும் வந்துவிடுவான். நமக்கு முன்பே இது நடந்திருக்கிறது. இந்த ஒப்பந்தம் வந்த கொஞ்ச வருஷத்திலேயே இலங்கையில் வனஸ்பதி ஆலைகள் முளைத்தன. மலேசியா, இந்தோனேசியாவிலிருந்து வந்த பாமாயிலை அங்கே வனஸ்பதியாக்கி இங்கே வரியில்லாமல் அனுப்பினார்கள். ஆலைகளில் பலவும் இந்தியர்கள் போட்ட முதல். 2006-ல் வருஷத்துக்கு 2.5 லட்சம் டன் என்று வரம்பு வைத்த பிறகுதான் அது அடங்கியது. அந்த வர்த்தகத்தில் இலங்கையின் தென்னை விவசாயிக்கு என்ன கிடைத்தது? எங்கோ விளைந்த பாமாயில் அது, அவருக்கு அதில் ஒரு காசு கிடையாது.

இலங்கையில் மாத்தளையில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். மலையகத் தமிழர். அவரும் மிளகுதான் போட்டிருக்கிறார், கிளைரிசிடியா மரத்தில் கொடி ஏற்றி. எங்கள் பேச்சு பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் கொடியின் இலையைப் படம் எடுத்து அனுப்பி, இது என்ன நோய் என்று கேட்டுக்கொள்வதாகத்தான் இருக்கும். 2018-ல் கோபத்தோடு அவரிடமே கேட்டேன், உங்க சரக்கு இங்க குவியுதாமே, நல்ல லாபமா என்று. அவர் சொன்ன பதில் இன்னும் காதில் நிற்கிறது. “அண்ணே, எங்க மிளக வாங்க ஆள் இல்ல. எங்க பேர்ல எவனோ விக்கிறான்.”

2017 டிசம்பரில் இந்திய அரசு ஒரு முடிவு எடுத்திருந்தது. கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த விலையில் மிளகு இறக்குமதி செய்யக் கூடாது. நம் விவசாயிகள் கேட்டு வாங்கியது அது. நானும் அப்போது சந்தோஷப்பட்டேன். ஆனால் யாரை அது அடித்தது என்று பாருங்கள். கள்ளச் சரக்கு கொண்டுவருகிறவர் பில்லில் 500-க்கு மேல் எழுதிக்கொண்டு வந்துவிடுகிறார் என்று அதே சங்கங்கள் மறுபடி புகார் சொன்னன. சொந்தத் தோட்டத்து மிளகை உள்ள விலைக்கு விற்க நினைத்த மாத்தளைக்காரர் கடலோரத்தில் நின்றுவிட்டார். இலங்கை மிளகுக்குப் பெரிய சந்தையே இந்தியாதான். மணி சிறியது, ஆனால் காரம் அதிகம். கொச்சியில் எண்ணெய்ச் சாறு எடுக்கிற ஆலைகள் அதைத் தேடி வாங்கும். அந்தச் சந்தை அவருக்கு மூடியது, எங்களுக்கோ விலை ஏறவில்லை. அதற்கடுத்த வருஷமும் 400-க்குக் கீழேதான் விற்றேன்.

வியட்நாம் விவசாயி மட்டும் கொழுத்துவிட்டாரா என்றால் அதுவும் இல்லை. விலை ஏறியபோது கடன் வாங்கிக் கொடி நட்டார்கள். விலை விழுந்து, கொடியும் நோயில் காய்ந்து, கியா லாய் மாகாணத்தில் எத்தனையோ குடும்பங்கள் கடனில் மூழ்கின. மூன்று நாட்டிலும் கொடி ஏற்றினவனுக்கு நஷ்டம்தான். நடுவில் காகிதம் மாற்றினவனுக்கு லாபம்.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயம் இல்லை. ஒப்பந்தம் போட்டபோது இலங்கை தன் பக்கம் 1180 பொருள்களுக்குச் சலுகை தர முடியாது என்று ஒதுக்கி வைத்தது. விவசாயப் பொருள்கள் பெரும்பாலும் அதற்குள் இருந்தன. காரணம் இருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தபோது யாழ்ப்பாணத்து விவசாயி மிளகாயும் வெங்காயமும் போட்டுத் தலை நிமிர்ந்தார். 1977-ல் சந்தையைத் திறந்துவிட்டதும் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வந்து இறங்கி அவர் விலை சரிந்தது. அந்த நினைவு அங்கே இன்னும் ஆறவில்லை. நம் ஊர் வெங்காயம் தம்புள்ளை அறுவடை நேரத்தில் போய் இறங்கினால் அங்கே ஒரு விவசாயி என் மாதிரியே கடை வாசலில் நிற்பார்.

அப்புறம் 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. நம் வெங்காயத்தை நம்பியிருந்த கொழும்புச் சமையலறைகளில் விலை எகிறியது. 2024 ஏப்ரலில் 10,000 டன் மட்டும் தனி அனுமதியில் அனுப்பினோம். விளைச்சல் மிஞ்சும்போது பக்கத்து வீட்டுக்குத் தள்ளுவது, பற்றாக்குறை வந்தால் கதவைச் சாத்துவது என்றால், அங்கே யார் நம்மை நம்பி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார்கள்? நம் நாசிக் விவசாயிக்கும் அந்தத் தடையால் நஷ்டம்தான்.

ஒப்பந்தத்தைக் கிழித்துப் போடு என்று சொல்கிறவர்களோடு நான் இல்லை. அப்படிச் செய்தால் மாத்தளைக்காரர் வாழ்க்கைதான் கிழியும். எனக்கு விலை வரும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. நான் கேட்பது சான்றிதழைப் பற்றி. 2020 செப்டம்பரில் இந்தியச் சுங்கத்துறை புது விதிகள் கொண்டுவந்தது. சரக்கு உண்மையில் எங்கே விளைந்தது என்பதற்கான விவரத்தை இறக்குமதியாளரே கையில் வைத்திருக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும். நல்ல விதி. ஆனால் அது காகிதத்தோடு நிற்கிறது. மாத்தளை நண்பர் ஒரு முறை ஊருக்கு வந்தவர் கையில் தன் மிளகைக் கொடுத்தனுப்பினார். அதையும் எங்கள் மிளகையும் ஒரே தட்டில் கொட்டிப் பார்த்தோம். தனித்தனியாக இருந்தபோது வித்தியாசம் தெரிந்தது. கலந்தபின் முப்பது வருஷமாக மிளகு பறிக்கிற அப்பாவாலேயே பிரிக்க முடியவில்லை. துறைமுகத்தில் மூட்டையைக் குத்திப் பார்க்கிற அதிகாரி என்ன செய்வார்?

அதனால் கணக்கு தோட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். இலங்கையில் மிளகு போன்ற பயிர்களுக்கு என்றே ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் இருக்கிறது. இங்கே நறுமணப் பொருள் வாரியம் இருக்கிறது. எந்தத் தோட்டம், எத்தனை கொடி, இந்த வருஷம் எவ்வளவு காய்ந்தது என்று இரண்டு பக்கமும் பதிந்து, சான்றிதழில் அந்தத் தோட்டத்தின் எண் இருந்தால், ஒரு மாவட்டத்தில் விளைந்ததை விட அதிகமாக அங்கிருந்து ஏற்றுமதியாவது அன்றைக்கே தெரிந்துவிடும். எட்கா மேசையில் இரண்டு நாட்டு அதிகாரிகளும் உட்காரும்போது இந்த ஒன்றை முதலில் எழுதட்டும். பேசுவதற்கு மிளகு பறிக்கிறவர்களையும் கூப்பிடட்டும். நானும் வருகிறேன், மாத்தளையிலிருந்து அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.