கோல்டன் கிங்ஸ் 2023-ல் முளைத்த அணி அல்ல
மேலே ஒரு நண்பர், ஜப்பானின் ஒகினாவா தீவுக் கூடைப்பந்து அணியைப் பற்றி, ‘ரியூக்யூ கோல்டன் கிங்ஸ் 2023 உலகக் கோப்பைக்காக உருவாக்கிய அணி, ரசிகர்களும் அப்போது வந்து ஒட்டிக்கொண்டவர்கள்தான்’ என்று எழுதியிருக்கிறார். அரங்கத்தையும் அணியையும் போட்டுக் குழப்பிக்கொண்டார் போல. கிங்ஸின் சொந்த அரங்கமான ஒகினாவா அரீனா திறந்தது 2021-ல். உலகக் கோப்பையில் ஜப்பான் ஆடியதும் அங்கேதான். அதுவரை சரி.

ஆனால் கிங்ஸ் களமிறங்கியது 2007-ல், ஜப்பானின் பழைய தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான பிஜே லீக்கில். இரண்டாவது சீசனிலேயே கோப்பை. அந்த லீக் முடிவதற்குள் மொத்தம் 4 முறை சாம்பியன். அதன்பின் வந்த பி.லீக் தொடரின் முதல் ஆட்டத்தை 2016 செப்டம்பரில் டோக்கியோவில் ஆல்வார்க் அணியோடு ஆடியதே இவர்கள்தான் (தோற்றார்கள், அது வேறு கதை). சிபா ஜெட்ஸை வீழ்த்தி பி.லீக் கோப்பையைத் தூக்கியது 2023 மே மாதம். உலகக் கோப்பை தொடங்கியதோ ஆகஸ்ட் கடைசியில்.

ரசிகர்கள் சங்கதி இன்னும் பழசு. அமெரிக்க ராணுவத் தளங்கள் நிறைந்த தீவு. கூடைப்பந்து அங்கே எப்போதோ வேர்விட்டுவிட்டது. ஆட்டத்தின்போது விரலை மடித்து வாயில் வைத்துக் காது கிழிய விசில் அடிக்கிறார்களே, அது ஒகினாவா திருவிழாக்களில் பாட்டோடும் ஆட்டத்தோடும் சேர்த்து அடிப்பது. உலகக் கோப்பைக்கு டிக்கெட் வாங்கிவிட்டுப் பழகியது இல்லை.