மேட்டில் புல்தான் இருக்க வேண்டும்

ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம் நெருங்குகிறது. 'மலையில் மரம் நடலாம் வாங்க' என்று வாட்ஸப்பில் அழைப்புகள் வர ஆரம்பித்துவிட்டன. நானும் ஒரு காலத்தில் போனவன்தான். எண்பதுகளில் கல்லூரி என்.எஸ்.எஸ். முகாம். ஊட்டிக்கு மேலே ஒரு புல்மேட்டில் நாள் முழுக்கக் குழி தோண்டிக் கன்று நட்டோம். என்ன கன்று என்றுகூடக் கேட்கவில்லை. எருமைகளோடு வந்த ஒரு தோடர் பழங்குடிப் பெரியவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "இங்க எதுக்கு மரம்? எருமை எதைத் திங்கும்?" என்றார். எங்களுக்குச் சிரிப்பு.

அந்த மேடு யாரோ மரம் வெட்டி மொட்டையாக்கிய இடம் இல்லை. மலை மடிப்பில் சோலை, மேட்டில் புல். பல்லாயிரம் வருஷமாக நீலகிரி உச்சி அப்படித்தான். மேட்டில் விழும் உறைபனி சோலைமரக் கன்றுகளைத் தலையெடுக்க விடாது. கீழே பள்ளத்துச் சேற்றுப்புல்லில், மழை விட்டு வெகுநாள் கழித்துப் போய்க் காலை அழுத்திப் பாருங்கள். செருப்பைச் சுற்றித் தண்ணீர் ஊறும். அதுதான் கசிந்து கசிந்து பவானிக்குப் போகிறது.

வெள்ளைக்காரன் கண்ணுக்கு அது சும்மா கிடந்த நிலம். விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை (வாட்டில்) மரத்தையும் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தையும் இறக்கினான். சரி, அவனை விடுங்கள். சுதந்திரத்துக்கு அப்புறம் தோல் பதனிடும் பட்டைக்கும் ரேயான் கூழுக்கும் என்று மலை மலையாக நட்டது நம் அரசுதான். பாறையும் புல்லுமாக இருந்தால்தான் வரையாடு பிழைக்கும். நம் மாநில விலங்கு. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 தான். கோயில் கூரை வேயும் புல்லைத் தோடர்கள் இன்று தேடி அலைகிறார்கள்.

2022-இல் அரசு வரையாட்டுத் திட்டம் அறிவித்தது; புல்மேட்டை மீட்பதும் அதில் உண்டு, நல்ல காரியம். ஆனால் சீகையை வெட்டிவிட்டு வந்துவிட முடியாது. அடிமரம் துளிர்க்கும். மண்ணுக்குள் பல வருஷம் கிடந்த விதையெல்லாம் வெயில் பட்டதும் நாற்றங்கால் மாதிரி முளைத்து நிற்கும். வருஷா வருஷம் போய்க் கையால் பிடுங்க வேண்டும், புல்லைக் கொத்துக் கொத்தாகப் பதிக்க வேண்டும். புல் நடுகிற அமைச்சர் படத்தை நான் இன்னும் பேப்பரில் பார்க்கவில்லை!

முகாம் முடிந்த மறுவருஷம் அந்த மேட்டுக்குப் போனேன். நட்டதில் முக்கால்வாசி பனியில் கருகிக் கிடந்தது. பிழைத்தவை தோள் உயரம் வந்திருந்தன. அன்றைக்குப் பெருமையாக இருந்தது. அவை சீகை என்று அடையாளம் தெரியவே எனக்கு இருபது வருஷம் ஆனது. இப்போது அந்த மேட்டில் ஒரு கைப்பிடி புல் கிடையாது.