"தலைகீழாப் போட்டுப் பெருக்கு, கேள்வி கேட்காதே"

பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும்போது இரண்டாவது பின்னத்தை ஏன் தலைகீழாகப் போடுகிறோம் என்று என் மகள் வகுப்பில் கேட்டிருக்கிறாள். ஏழாம் வகுப்புப் பிள்ளை கேட்கக்கூடிய அருமையான கேள்வி. கணக்கு டீச்சர் சொன்ன பதில்: "அது ரூல். எழுதிக்கோ. இதையெல்லாம் யோசிச்சுட்டு இருந்தா போர்ஷன் எப்போ முடியும்?"

இதை எங்காவது கொட்டித் தீர்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு பீரியட் வேண்டாம், இரண்டு நிமிடம் போதும். 3-ஐ 1/4-ஆல் வகு என்றால், 3-க்குள் எத்தனை கால் இருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு ஒன்றிலும் நான்கு கால், ஆக மொத்தம் 12. அதனால்தான் 4-ஆல் பெருக்குகிறோம். சரி, 3/4-ஆல் வகுத்தால்? அந்த 12 கால்களையும் மும்மூன்றாகக் கட்டு, 4 கட்டு வரும். அதாவது 4-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்திருக்கிறோம். தலைகீழ் அங்கிருந்துதான் வந்தது. தாளில் கோடு போட்டுக் காட்டியதும் "இவ்வளவுதானா?" என்றாள். இவ்வளவுதான். இதைச் சொல்லத்தானே அங்கே ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு நிற்கிறார்?

காரணம் சொல்லாத இடத்தில் கோஷம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. "மைனஸும் மைனஸும் பிளஸ்." பிள்ளை அதை அப்படியே நம்பி −3 − 5 = 8 என்று எழுதி வைக்கிறாள். அது பெருக்கலுக்கான விதி, கூட்டலுக்கு அல்ல என்று யாரும் சொல்லவில்லை. 628-ஆம் ஆண்டிலேயே இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் குறை எண்ணைக் கடன் என்று வைத்து இரண்டு விதிகளையும் தனித்தனியாக எழுதிவிட்டார்: கடனோடு கடன் சேர்ந்தால் கடன், கடனைக் கடனால் பெருக்கினால் செல்வம். ஏறக்குறைய 1400 வருஷம் ஆகியும் எங்கள் பிள்ளையின் வகுப்புக்கு அது வந்து சேரவில்லை.

அடுத்த கோஷம், "பத்தால பெருக்கினா ஒரு பூஜ்யம் சேர்த்துக்கோ." தசமம் வந்ததும் 2.5 × 10 = 2.50. பூஜ்யம் சேர்த்தாயிற்று, எண் அப்படியே இருக்கிறது. இதில் பிள்ளையின் தப்பு என்ன? சொன்னதைச் செய்தாள்.

இருப்பதிலேயே மோசமானது "அந்தப் பக்கம் போனா குறி மாறும்." ஓர் எண்ணை 3-ஆல் பெருக்கினால் 12 வருகிறது, அந்த எண் எது? மூன்றாம் வகுப்புப் பிள்ளை 4 என்று சொல்லும். என் மகள், சமன்பாடு என்று தலைப்புப் போட்ட ஒரே காரணத்துக்காக, 3-ஐ அந்தப் பக்கம் கொண்டுபோய், குறியை மாற்றி, 12-ஐ −3-ஆல் வகுத்து −4 என்று எழுதியிருந்தாள். எந்த எண்ணும் எந்தப் பக்கமும் போவதில்லை. இரண்டு பக்கத்தையும் 3-ஆல் வகுக்கிறோம், அவ்வளவுதான். தெரிந்த ஒன்றை மறக்கடிக்கிற அளவுக்கு ஒரு கோஷம் வேலை செய்திருக்கிறது. அந்த விடைக்கு மேல் சிவப்பு மையில் ஒரு பெரிய பெருக்கல் குறி. எங்கே தப்பு, ஏன் தப்பு, ஒரு வார்த்தை கிடையாது.

சமக்குறியைப் பற்றித் தனியாகவே புலம்பலாம். 8 + 4 = □ + 5 என்று கொடுத்தால் நிறையப் பிள்ளைகள் பெட்டிக்குள் 7-க்குப் பதிலாக 12 அல்லது 17 போடுவார்கள். கணிதக் கல்வி ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக எழுதிவரும் விஷயம் இது. சமக்குறி என்றால் 'இப்போ விடை வரும்' என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். 1557-இல் ராபர்ட் ரெக்கார்ட் என்ற கணித அறிஞர் சமக்குறியாக அந்த இரண்டு கோடுகளைப் போட்டபோது, இவற்றைவிடச் சமமான இரண்டு பொருள் வேறெதுவும் இருக்க முடியாது என்று காரணமும் சொன்னார். என் மகளின் வகுப்பு நோட்டில், போர்டைப் பார்த்து எழுதிய வரி: 5 + 3 = 8 × 2 = 16 − 1 = 15. ஐந்தும் மூன்றும் பதினைந்தா? போர்டில் எழுதியவரே இப்படி எழுதினால் பிள்ளைக்கு சமன்பாடு எப்படி விளங்கும்?

இதெல்லாம் ஒரு பக்கம். சரியாகச் செய்தாலும் மார்க் கிடையாது. ஒரு தொகையில் 25 சதவீதம் கண்டுபிடிக்க, பாதியாக்கி மறுபடி பாதியாக்கினாள். விடை சரி, வழியும் சரி. "நான் சொல்லிக்கொடுத்த மெத்தட் இல்லை" என்று பூஜ்யம். சொந்தமாக யோசித்ததற்குத் தண்டனை!

பெற்றோர் சந்திப்பில் டீச்சரிடம் இதைக் கேட்டேன். "பேசிக்ஸ் வீக். பிராக்டிஸ் பத்தாது. டியூஷன் போடுங்க." போன டெஸ்டில் வகுப்பில் பாதிப் பேர் ஒரே கேள்வியில் ஒரே தப்பைச் செய்திருக்கிறார்கள். பாதி வகுப்பும் ஒரே சமயத்தில் கவனிக்காமல் இருந்ததா? ஒருவர் தடுக்கினால் கால் மேல் பழி போடலாம், எல்லோரும் ஒரே இடத்தில் தடுக்கினால் படியைத்தானே பார்க்க வேண்டும்?

அவருக்குக் கணக்குத் தெரியாது என்று நான் சொல்லவே இல்லை. நன்றாகத் தெரியும். பாடம் தெரிவது வேறு, அதைப் பிள்ளைக்குப் புரியவைக்கத் தெரிவது வேறு. இதை லீ ஷுல்மன் என்ற கல்வியாளர் 1986-இலேயே எழுதினார். எந்த இடத்தில் பிள்ளை சறுக்கும், அந்தச் சறுக்கலுக்குப் பின்னால் என்ன எண்ணம் இருக்கிறது என்று தெரிந்திருப்பதும் ஆசிரியரின் அறிவில் சேர்த்தி. வகுப்பில் கூட்டம் அதிகம், போர்ஷன் அதிகம், கணக்குக்குச் சம்பந்தமில்லாத எழுத்துவேலை தலைக்கு மேல் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் "இதுகூடவா தெரியாது?" என்று எல்லோர் முன்னாலும் சிரிக்கச் சொல்லி எந்தப் போர்ஷனும் கட்டாயப்படுத்தவில்லை. பயம் வந்தால் மனக்கணக்குக்கு வேண்டிய தற்காலிக நினைவைப் பயமே பிடித்துக்கொள்ளும். வீட்டில் சரியாகப் போட்ட கணக்கை போர்டுக்கு முன்னால் நின்று அவள் மறப்பது அதனால்தான்.

இப்போது மாலை நேரங்களில் என் வேலை, காலையில் போட்ட முடிச்சை அவிழ்ப்பது. முழுப் பாடத்தையும் திரும்ப நடத்துவதில்லை, அதற்கு எனக்கும் அவளுக்கும் தெம்பு இல்லை. தப்பான கணக்கை எடுத்து, முதல் தப்பு எந்த வரியில் என்று அவளையே தேடச் சொல்கிறேன். அங்கே என்ன நினைத்தாய் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு கோஷம் வெளியே வரும், அதைப் பிடித்துக்கொண்டு பேசுகிறோம். பரிட்சையில் டீச்சர் முறையிலேயே எழுது, நோட்டின் ஓரத்தில் ஏன் என்று உன் சொந்த வார்த்தையில் எழுதி வை என்று சொல்லியிருக்கிறேன். வகுப்பில் "புரியல மேடம்" என்றால் திட்டுதான் கிடைக்கிறது. "இரண்டாம் வரியிலிருந்து மூன்றாம் வரி எப்படி வந்தது?" என்று கேட்டால் அவரால் தட்டிக்கழிக்க முடிவதில்லை. இதில் கொஞ்சம் பலன் இருக்கிறது. டீச்சரைப் பற்றி அவள் முன்னால் ஒரு வார்த்தை தப்பாகப் பேசுவதில்லை. அந்த வகுப்பில் மீதி வருஷமும் உட்காரப்போகிறவள் அவள்தானே. அதனால்தான் எல்லாவற்றையும் இங்கே வந்து கொட்டுகிறேன்.

எனக்கு இதைச் செய்ய நேரமும் கொஞ்சம் கணக்கும் இருக்கிறது. இரண்டும் இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? "நாங்களும் இப்படித்தான் படிச்சோம்" என்று ஆறுதல் சொல்ல வருகிற உறவினர்களுக்கு ஒன்று: அதே வாயால்தானே "எனக்கு அப்பவே கணக்கு வராது" என்று சிரிக்கிறீர்கள்? நீங்கள் எல்லோரும் கணக்கு வராமல் பிறந்தவர்களா, இல்லை உங்களுக்கும் இப்படி ஒரு டீச்சர் வாய்த்தாரா?

தலைமை ஆசிரியருக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன். ஆசிரியரை மாற்றுங்கள் என்று கேட்கவில்லை. தப்பான விடையில் எந்த வரி தப்பு என்று வட்டம் போட்டுக் கொடுங்கள், வேறு வழியில் சரியாகப் போட்டால் மார்க் கொடுங்கள், இவ்வளவுதான். "பார்க்கிறோம்" என்றார்கள். அடுத்த டெஸ்ட் தாளும் வட்டம் இல்லாமல் வந்தால், அந்தத் தாளையே எடுத்துக்கொண்டு மறுபடியும் போய் நிற்பேன்.