நிறத்தை நம்பாதீர்கள்

கல் பவளத்தை நிறத்தையும் வடிவத்தையும் வைத்தே இனம் காணலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். பாதிதான் சரி. பழுப்பு நிறம் பெரும்பாலும் உள்ளே குடியிருக்கும் பாசியுடையது. ஒரே இனம் அலை அடிக்கும் இடத்தில் குட்டையாகத் தடித்தும், அமைதியான ஆழத்தில் மெலிந்து பரந்தும் வளரும். நானும் இதில் ஏமாந்திருக்கிறேன்.

பார்க்க வேண்டியது பாலிப், அதாவது பவளத்தைக் கட்டும் சிற்றுயிர், உட்கார்ந்திருக்கும் சின்னக் கிண்ணத்தை. பக்கத்துப் பக்கத்துக் கிண்ணங்களுக்கு நடுவே பொதுச் சுவர் ஒன்றே இருந்தால் ஃபேவைட்ஸ் என்ற பேரினத்தின் (நெருங்கிய இனங்களின் தொகுப்பு) பக்கம் போகலாம். ஒவ்வொன்றுக்கும் தனிச் சுவர், இடையில் சிறு பள்ளம் என்றால் டிப்சாஸ்ட்ரேயா என்ற இன்னொரு பேரினமாக இருக்கலாம். பழைய கையேடுகளில் இதை ஃபேவியா என்றே போட்டிருப்பார்கள். பெயரைத் தேடும்போது குழப்பிவிடும். கிளையின் நுனியில் நட்டநடுவே ஒரு கிண்ணம் தனியாக நீட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் அக்ரோபோரா என்ற பேரினம்தான். ஆனால் அதற்குள் எந்த இனம் என்பது வேறு தலைவலி: நூற்றுக்கும் மேற்பட்டவை உண்டு, சதை நீங்கிய வெள்ளைக் கூட்டை உருப்பெருக்கியில் பார்க்காமல் பலவற்றைப் பிரிக்கவே முடியாது.

அப்புறம், படம் எடுப்பவர்கள் முழுப் பவளத்தை மட்டும் எடுக்காமல், அளவுகோல் வைத்து நெருக்கத்தில் ஒன்று எடுங்கள். உயிருள்ளதை உடைக்க வேண்டாம். படம் தெளிவில்லையென்றால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், தப்பில்லை.