கட்டிக்குள் எவ்வளவு போய்ச் சேர்ந்தது?

புற்றுநோய் மரபணுவின் வாயை அடைக்கும் மருந்து என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு ஜெனாசென்ஸ் என்ற ஆன்டிசென்ஸ் மருந்து ஞாபகம் வரும். இந்த வகை மருந்துகள் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. அதனால்தான் அந்தத் தோல்வி இன்னும் உறுத்துகிறது.

மரபணுவிலிருந்து புரதம் உருவாக, நடுவில் ஓர் ஆர்என்ஏ நகல் வேண்டும். அதோடு பொருந்தும் சின்ன டிஎன்ஏ துண்டை அனுப்பினால், செல்லில் இருக்கும் நொதியே அந்த நகலை வெட்டிப் போட்டுவிடும். இதுதான் ஆன்டிசென்ஸ். இந்த வழியில் 1978-லேயே ஹார்வர்டில் பால் சமெக்னிக்கும் மேரி ஸ்டீபன்சனும் ஒரு வைரஸைத் தடுத்துக் காட்டினார்கள்.

ஜெனாசென்ஸின் குறி பிசிஎல்-2. சாக வேண்டிய செல்லைச் சாகவிடாமல் காக்கும் புரதம் அது. 2000-இல் வியன்னா குழு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்த 14 பேருக்கு இந்த மருந்தைக் கொடுத்து, கட்டியிலிருந்தே சதை எடுத்துப் பார்த்தது. ஐந்தாம் நாளில் பிசிஎல்-2 சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. நல்ல சேதிதான். ஆனால் மிச்சம் 60 அங்கேயே இருக்கிறதே!

அப்புறம் 771 மெலனோமா நோயாளிகளிடம் பெரிய சோதனை. கீமோவுக்கு முன்னால் ஐந்து நாள், இரவு பகலாக, பம்ப் வைத்து நரம்பில் மருந்து ஏற்றினார்கள். கீமோ மட்டும் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 7.8 மாதம், இரண்டும் எடுத்தவர்களுக்கு 9 மாதம். புள்ளியியல் கணக்கில் அந்த வித்தியாசம் தேறவில்லை. நாள்பட்ட லிம்ஃபோசைட்டிக் ரத்தப் புற்றுநோய்க்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைக்கவில்லை. 2012-இல் இந்த மருந்தை உருவாக்கிய ஜென்டா நிறுவனமே திவாலாகிவிட்டது.

சரி, குறி தப்பா? இல்லவே இல்லை. அதே பிசிஎல்-2-ஐ, அதே ரத்தப் புற்றுநோயில், வெனிடோகிளாக்ஸ் மாத்திரை அடக்கியது. 2016-இல் அனுமதியும் வாங்கியது. அது புரதத்தையே நேராகப் பிடிக்கும். ஆன்டிசென்ஸ் துண்டோ பெரும்பாலும் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் தங்கிவிடும். செல்லுக்குள் நுழைந்தாலும் அங்குள்ள நுண்பைகளில் சிக்கிக்கொள்ளும். முதுகுத் தண்டுத் திரவத்திலேயே நேராகச் செலுத்துவதால் நியூசினெர்சன் என்ற இன்னொரு ஆன்டிசென்ஸ் மருந்து குழந்தைகளின் தசைச் சிதைவு நோயில் ஜெயித்தது. உடலெங்கும் பரவிய கட்டிக்கு அப்படி ஒரு நேர்வழி கிடையாது.

நூற்றுக்கணக்கான நோயாளிகளைச் சேர்ப்பதற்கு முன், கட்டிக்குள் அந்தப் புரதம் எவ்வளவு குறைந்தது, எத்தனை நாள் குறைந்தே இருந்தது என்று சதை எடுத்துக் காட்டட்டும். பாதிகூடக் குறையாவிட்டால் பெரிய சோதனை வேண்டாம். மருந்தைக் கட்டிவரை கொண்டுசேர்க்கும் வழிக்குப் பணத்தைப் போடட்டும். மாதக்கணக்கில் ஆயுள் மிச்சமிருக்கும் மனிதர்களிடம் ஐந்து நாள் கேட்பவர்கள், குறைந்தபட்சம் இந்தக் கணக்கையாவது முதலில் காட்ட வேண்டும்.