தோரியம் அப்படியே எரியாது

"மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் தோரியம் இருக்கிறது. அதை அணு உலையில் போட்டால் போதும், நாட்டுக்கே மின்சாரம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. முதல் வாக்கியம் உண்மை. அங்குள்ள மோனசைட் என்ற கனிமத்தில் தோரியம் ஆக்சைடு சுமார் 8 முதல் 10 சதவீதம் இருக்கும். இரண்டாவது வாக்கியம் தவறு.

இயற்கையில் கிடைப்பது தோரியம்-232. மெதுவான நியூட்ரான் பட்டால் அது பிளவுறாது, விழுங்கிக்கொள்ளும். வேகமான நியூட்ரானால் பிளக்கலாம்தான். ஆனால் அதை வைத்து மட்டும் தொடர்வினையை (ஒரு பிளவு அடுத்த பிளவைத் தூண்டிக்கொண்டே போவதை) ஓட்ட முடியாது. நியூட்ரானை விழுங்கியது தோரியம்-233 ஆகும். அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் நேரம், 22 நிமிடம். அது சிதைந்தால் புரோட்டாக்டினியம்-233. அதற்கு 27 நாள். கடைசியில் வரும் யுரேனியம்-233தான் எரிபொருள்.

ஆக, தோரியம் தீக்குச்சி இல்லை, ஈர விறகு. காயவைக்க முதலில் வேறு அடுப்பு வேண்டும்: யுரேனியம்-235 அல்லது புளூட்டோனியம் எரியும் உலை. இந்தியாவின் மூன்று கட்ட அணுமின் திட்டத்தில் தோரியம் கடைசிக்குப் போனதற்கு இதுதான் காரணம், யாருடைய சதியும் இல்லை.

இன்னொரு தொல்லையும் உண்டு. கூடவே கொஞ்சம் யுரேனியம்-232 உருவாகும். அது படிப்படியாகச் சிதைந்து வரும் தாலியம்-208 வீசும் காமா கதிரின் ஆற்றல் 2.6 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட். கையுறை போட்டுக் கையாள முடியாது, கனத்த சுவர் வேண்டும்.

"அப்படியானால் கல்பாக்கத்தில் தோரியத்திலிருந்து வந்த எரிபொருளில் உலை ஓடியதே?" என்று கேட்பார்கள். சரி, அங்கே காமினி என்ற ஆய்வு உலை 1996 முதல் யுரேனியம்-233இல் இயங்கியிருக்கிறது. அதன் வெப்பத்திறன் 30 கிலோவாட், அதாவது பதினைந்து வீட்டுக் கீசர்.