கடைப் பத்திரம்

2014-ஆம் ஆண்டு, சைதாப்பேட்டையில் உள்ள எங்கள் நோட்டுப் புத்தகக் கடையின் மூலப் பத்திரத்தை, அப்பா மஞ்சள் துணியில் சுற்றி பீரோவில் பூட்டி வைத்திருந்த அதே பத்திரத்தை, நானே கொண்டுபோய் ஒரு வங்கியில் அடமானம் வைத்தேன். மேடவாக்கத்தில் ஒரு கிளை திறப்பதற்காக 10 லட்சம் ரூபாய் கடன் வாங்கினோம்; வட்டி 12 சதவீதம், ஐந்து ஆண்டுத் தவணை, மாதம் 22,244 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் 13 லட்சத்து 34 ஆயிரத்துக்கு மேல் ஆகும் என்பது எனக்கு முன்பே தெரியும். எங்கள் வியாபாரம் பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தை நம்பியே நடக்கிறது என்பதையும், தவணை மட்டும் பன்னிரண்டு மாதமும் ஒரே தேதியில் வந்து நிற்கும் என்பதையும் நான் சேர்த்துப் பார்க்கத் தவறிவிட்டேன்.

கடன் வாங்கித் தொழில் தொடங்கலாமா என்று கேட்கும் இளைஞர்களிடம் என் கதையை இங்கிருந்துதான் தொடங்குகிறேன். அப்பா நடத்திய விதத்தையும் நான் நடத்திய விதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தலைமுறைக்கும் நிற்கும் சொத்து எப்படிச் சேர்கிறது என்பது ஓரளவு விளங்கும் என்று நம்புகிறேன்.

அப்பா 1983-இல் வாடகைக்கு எடுத்த சிறிய கடை அது. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் சரக்கு எடுத்து, பேருந்திலேயே கட்டுகளை ஏற்றிக்கொண்டு வருவார். கல்லாவில் இருக்கும் பணம் தன்னுடையது என்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை. தனக்கென்று மாதச் சம்பளம் ஒன்றை நிர்ணயித்து, ஒன்றாம் தேதி அதை அம்மாவிடம் கொடுத்துவிடுவார். அதற்கு மேல் வீட்டுக்குக் கடையிலிருந்து ஒரு ரூபாயும் வராது. நான் ஆறாம் வகுப்புக்குப் போனபோது கடையிலிருந்து ஒரு ஜியோமெட்ரி பாக்ஸ் எடுத்துக்கொண்டேன். அன்று இரவு கடை சாத்தும் முன், சிட்டையில் 'வீட்டுக்கு, ஜியோமெட்ரி பாக்ஸ் 1' என்று அப்பா விலையோடு எழுதியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அடுத்த மாதம் அம்மா தன் செலவுப் பணத்திலிருந்து அந்தத் தொகையை எண்ணிக் கொடுத்தார். அப்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. சொந்தக் கடையில் மகளுக்கு ஒரு டப்பா கூடவா சும்மா கிடைக்காது என்று தோன்றியது. அந்தக் கண்டிப்பில் சேர்ந்த பணத்தில்தான், உரிமையாளர் 1998-இல் கடையை விற்க முன்வந்தபோது, யாரிடமும் கைநீட்டாமல் அப்பா அதை வாங்கினார். அன்றோடு எங்களுக்கு வாடகை என்ற செலவே இல்லாமல் போயிற்று. எங்கள் குடும்பத்தின் முதல் சொத்து என்று நான் சொல்வது அந்தக் கட்டடத்தைத்தான். அதைத்தான் பதினாறு ஆண்டுகள் கழித்து நான் அடமானம் வைத்தேன்.

2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாற்றின் வெள்ளம் சைதாப்பேட்டைக்குள் புகுந்தபோது, கடையில் கழுத்தளவு தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு ஷட்டரைத் தூக்கினால், நனைந்த நோட்டுக் கட்டுகள் உப்பிப் பெருத்து அலமாரிகளுக்குள் இறுகிக் கிடந்தன. கையால் இழுத்து எடுக்க முடியாமல், தம்பியும் நானும் கடப்பாரையால் அலமாரிப் பலகைகளை உடைத்துத்தான் அவற்றை வெளியே எடுத்தோம். கடன் கொடுத்த வங்கி கேட்டதால் கிளையின் சரக்குக்குக் காப்பீடு எடுத்திருந்தேன். யாரும் கேட்காததால் தாய்க்கடைக்கு எடுக்காமல் விட்டிருந்தேன். அது முழுக்க என் தவறு. கிளைக்கு வெள்ளம் வரவில்லை, ஆனால் அங்கே வரும் விற்பனை வாடகைக்கும் ஆள் கூலிக்குமே சரியாக இருந்தது. மறு ஆண்டு நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவையாகி, சில்லறை வியாபாரம் வாரக்கணக்கில் படுத்துவிட்டது. 2017-இல் கிளையை மூடி, கூடுவாஞ்சேரியில் தம்பி பெயரில் இருந்த மனையை விற்றுக் கடனை அடைத்து, பத்திரத்தை மீட்டோம். தம்பி இன்று வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதனாலேயே எனக்கு அது ஆறவில்லை.

பத்திரம் திரும்பிய நாளிலிருந்து, தவணைக்குப் போய்க்கொண்டிருந்த தொகையில் பாதியை மாதந்தோறும் தனிக் கணக்கில் போடத் தொடங்கினோம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மற்ற கடைகள் மெல்லத் திறந்த பிறகும் எங்களுக்கு விமோசனம் இல்லை, ஏனென்றால் பள்ளிகள் திறக்கவில்லை. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. இரண்டு ஜூன் மாதங்கள் முற்றிலும் போயின. அந்தக் காலத்தில் வங்கித் தவணைகளை ஆறு மாதம் ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி வழி செய்தது உண்மைதான், ஆனால் ஒத்திவைத்த மாதங்களுக்கும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. எங்களுக்கு வாடகையும் இல்லை, தவணையும் இல்லை. இரண்டு ஊழியர்களுக்கும் முதல் நான்கு மாதம் முழுச் சம்பளமும் பிறகு பாதியும் கொடுத்து, ஜெராக்ஸ் போட்டும் அலுவலகங்களுக்குக் காகிதம் விற்றும் கடையைக் காப்பாற்றினோம். மேடவாக்கக் கடன் அப்போது உயிரோடு இருந்திருந்தால் அந்தக் கட்டடம் இன்று எங்கள் கையில் இருந்திருக்காது.

கடன் இல்லாமல் நடத்தினால் வளர்ச்சி மெதுவாக இருக்கும் என்கிறார்கள். மெதுவாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கையில் ரொக்கம் வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் லாபத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நான் சரக்கு எடுக்கும் இடத்தில், 45 நாள் கழித்துக் கொடுத்தால் பில் தொகை முழுதும், உடனே கொடுத்தால் 3 சதவீதம் தள்ளுபடி. ஆண்டுக்கணக்கில் பார்த்தால் அது ஏறக்குறைய 25 சதவீத வருமானம். எதிர்ப்பக்கம், கடைத்தெருவில் தண்டல் என்னும் தினத் தவணைக் கடன் வாங்குபவர்களைப் பாருங்கள். கடன் கொடுப்பவர்கள் 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு 1,500 ரூபாயைப் பிடித்தம் செய்து 8,500 கொடுப்பார்கள். நூறு நாள், தினம் நூறு ரூபாய் கட்ட வேண்டும். கேட்பதற்குச் சிறிய தொகையாகத் தெரியும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். பூ விற்கும் அக்காவும் இட்லிக் கடை வைத்திருப்பவரும் ஆண்டு முழுவதும் இந்த நூறு நாளைத் திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டே இருப்பதைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது.

சரக்கைக் கடனுக்குக் கொடுப்பதிலும் அதே அளவு கவனம் வேண்டும். சிறுதொழில் செய்பவர்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு உற்பத்தியாளர்களுக்கும் சேவை செய்பவர்களுக்கும் உரியது, வாங்கி விற்கும் எங்களைப் போன்ற வியாபாரிகளுக்கு இல்லை. ஒரு பள்ளி எங்களுக்கு ஒன்றே கால் லட்சம் ரூபாயைப் பதினொரு மாதம் நிலுவையில் வைத்திருந்த பிறகு, கடனுக்குச் சரக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டேன். சில வாடிக்கையாளர்கள் போனார்கள், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

எல்லாக் கடனும் கூடாது என்று நான் சொல்லவில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கையில் ஆர்டரை வைத்துக்கொண்டு இயந்திரம் வாங்குபவரின் நிலைமை வேறு; அந்த இயந்திரமே தவணைக்குச் சம்பாதித்துக் கொடுக்கும். அலமாரியை நிரப்பவும், கிளை திறக்கவும், இருக்கும் சொத்தை ஈடு வைத்து வாங்கும் கடனைத்தான் அஞ்சுகிறேன். தனி உரிமையாளராகத் தொழில் செய்பவருக்குக் கடையின் கடன் வேறு, வீட்டின் கடன் வேறு என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை; கடையில் விழுந்த அடி வீட்டு வாசல் வரை வரும்.

என் மகன் இப்போது கடையில் ஒரு டிஜிட்டல் பிரிண்டிங் இயந்திரம் போட விரும்புகிறான். பயன்படுத்திய இயந்திரம் ஒன்று 2 லட்சத்து 80 ஆயிரத்துக்கு வருகிறது. கடைக் கணக்கிலிருந்து மாதச் சம்பளம் அவனுக்கும் உண்டு, அதிலிருந்து இதுவரை 1 லட்சத்து 90 ஆயிரம் சேர்த்திருக்கிறான். மீதிக்குக் கடன் வாங்கலாமா என்று கேட்டான். ஜூன் சீசன் முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவனும் சரியென்று, அந்த விற்பனையாளரிடம் ஆகஸ்ட் வரை அவகாசம் கேட்டு வந்திருக்கிறான்.